தென்றல் செல் பிராங்க்ளின் தம்பி

பெருமாயி அக்கா எங்கள் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் வாசலில் கூடை வைத்துப் பூ விற்பவர். ஒரே மகளைப் பம்பாயில் இட்லிக் கடை வைத்திருந்த பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆடி மாசத்தில், மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது என்று மருமகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று எழுதியவன், ஆணா பெண்ணா என்று எழுத மறந்துவிட்டான். கடைசியில் பக்கத்து வீட்டு போன் நம்பர் மட்டும் இருந்தது. அக்கா அந்தக் கடிதத்தைப் பக்கத்திலிருந்த என் பெட்டிக்கடைக்கு எடுத்து வந்து, "நல்லாப் பாருடி ஒச்சம்மா, ஓரத்துல கீரத்துல எழுதியிருப்பான்" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்.டி.டி. பூத்துக்குப் போனால் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தில் அன்றைய கூடைப் பூவின் காசு முழுவதும் போய்விடும் என்ற பயம் அவருக்கு.

அப்போது கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தவர்தான் பிராங்க்ளின் தம்பி. தென்றல் செல் என்ற புதுக் கம்பெனியின் பச்சைச் சட்டை, தோளில் ஒரு பை, கையில் ஒரு செல்போன். அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் என் கடைக்கு வந்திருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்றீங்களா?" என்று அவர் அக்காவிடம் கேட்டார். "இந்த போன் பம்பாய் வரைக்கும் கேக்குதான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க. எனக்கு அங்கன ஆளே இல்ல. நீங்க செத்த நேரம் பேசிக் குடுத்தா என் வேலை முடிஞ்சிரும்."

அக்கா பேசினார். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அழுதார், சிரித்தார், மகளுக்குப் பத்தியம் சொன்னார். பத்து நிமிஷம் இருக்கும். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏதோ இவருக்குப் பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி, "இனிமே டெஸ்ட்டுன்னா கூச்சப்படாமக் கேளு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தம்பி பையிலிருந்து ஒரு ரீசார்ஜ் கார்டை எடுத்தார். தன் சட்டைப் பையிலிருந்த ரூபாயை எண்ணிக் கம்பெனிக் காசு வைக்கும் பைக்குள் வைத்தார். கார்டைச் சுரண்டித் தன் போனில் ஏற்றிக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன் என்பதையும் பார்த்துவிட்டார். "சோடா எம்புட்டுக்கா?" என்று மட்டும் கேட்டார். அவர் கடைசி வரை அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிராங்க்ளின் தம்பிக்குத் திண்டுக்கல் டவுன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு பிஸ்கட் கம்பெனியில் கடை கடையாக ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தவர். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதில் எங்கள் பக்கம் செல்போன் வைத்திருந்தவர் ரைஸ்மில் முதலாளி ஒருவர்தான். செங்கல் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, டவர் கிடைக்காமல் மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருப்பார். நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு என்ற காலம் அது. அந்தச் சமயத்தில்தான் மதுரைப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் தென்றல் செல்லை ஆரம்பித்தார். மாசக் கடைசியில் பில் கிடையாது, முன்பணம் கிடையாது, கார்டு வாங்கிச் சுரண்டினால் போதும், தீரும் வரை பேசலாம். தம்பி பிஸ்கட் பையை இறக்கி வைத்துவிட்டு இந்தப் பையை மாட்டிக்கொண்டார்.

என் பெட்டிக்கடைக்கு மேல் பச்சை போர்டு மாட்டியதும் அவர்தான். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இதை எப்படித் தம்பி விக்கிறது?" என்று கேட்டேன். "நீங்க சீயக்காப் பொட்டலம் விக்கலையா, அந்த மாதிரி ஒரு பொட்டலம்தான்க்கா" என்றார். ஒரு வருஷம் வரை மாசத்துக்கு நாலு கார்டு விற்றால் அதிகம். ரெண்டாயிரத்து மூன்றில், நம்மைக் கூப்பிட்டால் நமக்குக் காசு கிடையாது என்று ஆனது. அன்றிலிருந்து வியாபாரம் ஏறியது.

ஆனால் எங்கள் மார்க்கெட்டில் அது ஏறியதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லாவிட்டால் அவர் கதை விளங்காது.

மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். விடியற்காலையில் ஆள் இறங்கினால்தான் வெயிலுக்கு முன் முடியும். பறித்து, பஸ்ஸில் போட்டு, மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அன்றைய விலை தெரியும். விலை விழுந்த நாளில் பறித்த கூலிக்கே கட்டாது. வாசனை எண்ணெய் எடுக்கிற சென்ட் கம்பெனிக்காரன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வெறுங்கையோடு போக வேண்டியதுதான். முன்கூட்டியே தெரிந்தால் பறிப்பையாவது நிறுத்தலாம். இதற்கு வழி இல்லாமல் இருந்தது.

ஆண்டிச்சாமி அண்ணன் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். சுற்று வட்டத்தில் நூற்றுச் சொச்சம் பேர் அவர் கடைக்குத்தான் பூ போடுவார்கள். வெளியூர் வியாபாரிகளிடம் பேசி, விடியுமுன்னே அன்றைய விலை அவருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து, "அம்புட்டுப் பேத்துக்கும் நான் தெனம் விலை சொல்லிக்கிட்டிருந்தா என் இடுப்பு வேட்டி மிஞ்சாதுப்பு" என்று தம்பியிடம் அலுத்துக்கொண்டார்.

"நீங்க ஏண்ணே பேசுறீங்க? அடிச்சு விட்ருங்க" என்றார் தம்பி.

"என்னத்த அடிச்சு விட?"

"மிஸ்டு கால். ஒருதரம் அடிச்சா வழக்கமான விலை, பூ வரட்டும். ரெண்டுதரம் அடிச்சா விலை விழுந்திருச்சு, பறிப்பை நிறுத்து. மூணுதரம்னா முகூர்த்த ஆர்டர் வந்திருக்கு, இருக்குறதை எல்லாம் கொண்டா. உங்களுக்கும் காசு இல்ல, அவுங்களுக்கும் காசு இல்ல."

ஆண்டிச்சாமி அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஏலே, நீ போன் கம்பெனிக்காரனா, போன் கம்பெனிக்கு எதிரியா?" என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரே வருஷத்தில் சிலுக்குவார்பட்டி, மைக்கேல்பாளையம் வரை மல்லித் தோட்டம் வைத்திருந்த எல்லார் இடுப்பிலும் தென்றல் செல் இருந்தது. தம்பி தோட்டம் தோட்டமாகப் போய் அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தார். "அடிச்சா எடுக்காதீங்க. எண்ணுங்க. எடுத்தா அண்ணனுக்குக் காசு போயிரும்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்வார். என் நாத்தனார் மாயம்மாளுக்கு முப்பது சென்ட் நிலத்தில் மல்லி உண்டு. அவள் அதைச் சாமிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி பிடித்துக்கொண்டாள். போன் அடித்தால் பச்சைப் பட்டனை அமுக்கவே மாட்டாள். அவள் யாரையாவது கூப்பிட்டாலும், அந்தப் பக்கம் மணி அடிக்கிறது என்று தெரிந்த நொடியில் கட்டை விரல் சிவப்புப் பட்டனுக்குப் போய்விடும். எதிராளி எடுக்கவே முடியாது. அவ்வளவு சூட்டிகை.

ரெண்டாயிரத்து ஆறில் கம்பெனி ஆயுள் கார்டு போட்டது. ஒரு தடவை ஆயிரம் ரூபாய் கட்டினால் போதும், நம்பர் ஆயுசுக்கும் நம்முடையது, ஐம்பது ரூபாய் பேசுவதற்கும் கிடைக்கும். தம்பிக்கு நிலக்கோட்டை ஏஜென்சி கொடுத்திருந்தார்கள். ஆயிரம் ரூபாய் என்றால் எங்கள் சனத்துக்குப் பெரிய பணம். யோசித்தார்கள். தம்பி, "ஆயுசுக்கும் உங்க நம்பரு. நான் சொல்றேன்" என்றார். கம்பெனி விளம்பரத்தை யாரும் நம்பவில்லை. அவர் 'நான் சொல்றேன்' என்றதை நம்பித்தான் வாங்கினார்கள். அந்த ஐம்பது ரூபாயை ஒருவரும் பேசித் தீர்க்கவில்லை. அது அப்படியே போனுக்குள் பத்திரமாகக் கிடந்தது.

கம்பெனிக்காரர்கள் திண்டுக்கல்லில் ஓட்டலில் கூட்டம் போட்டு, அவர்தான் இந்தச் சுற்றுப்புறத்திலேயே அதிகம் சிம் விற்றவர் என்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

ரெண்டாயிரத்து எட்டு, புரட்டாசி. ஒருநாள் காலையில் ஏணியும் கையுமாக இரண்டு பேர் வந்து என் கடையின் பச்சை போர்டைக் கழற்றினார்கள். நீல போர்டு ஒன்றை மாட்டினார்கள். "என்னப்பா இது?" என்றால், "தெரியாதும்மா, எங்களுக்கு மாட்டுறதுதான் வேலை" என்றார்கள். தம்பி வந்து பார்த்தபோது பச்சை போர்டு தரையில் கிடந்தது. மதுரை முதலாளி கம்பெனியை ஒரு பம்பாய்க் கம்பெனிக்கு விற்றுவிட்டார். பேப்பரில் வந்ததாம். ஏழு வருஷம் பையைச் சுமந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்னப்பு, உன் கம்பெனியை வித்துட்டாய்ங்களாமுல்ல? ஒன்னையும் சேத்து வித்தாய்ங்களா, தனியா ஏலம் விடுவாய்ங்களா?" என்றார் ஆண்டிச்சாமி அண்ணன்.

தம்பி சிரித்தார். "கம்பெனி யாரோடதா இருந்தா என்னண்ணே, நம்பர் உங்களோடதுதானே?"

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை நான் தினமும் பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு சிக்கல் என்றால் மதுரை ஆபீசுக்குப் போன் போடுவார். ஒரு பிள்ளை எடுத்து, "சொல்லுங்கண்ணே" என்று கேட்கும். இப்போது போட்டால் முதலில் இந்தி பேசும். பிறகு இங்கிலீஷ். தமிழுக்கு ஐந்தை அமுக்கச் சொல்லும். அமுக்கினால் பாட்டுப் பாடும். பாதிப் பாட்டில் அறுந்துபோகும். திரும்பவும் முதலிலிருந்து. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நாள் அவர் பதினோரு தடவை ஐந்தை அமுக்கியதை நான் எண்ணினேன். வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டார். கழுத்தில் கிடக்கும் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவுதான்.

மாசி மாசம் எல்லார் போனுக்கும் இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. யாருக்குப் படிக்கத் தெரியும்? மாயம்மாள், "ஏதோ பொங்கல் வாழ்த்துப் போல, லேட்டா வந்திருக்கு" என்றாள். தம்பி படித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே திண்டுக்கல் ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, தொண்ணூறு நாளா பேசாத நம்பரை எல்லாம் மார்ச் முப்பத்தொண்ணாந்தேதி வெட்டப் போறாங்களாம். நம்ம பூக்காரவுங்க நம்பர் அம்புட்டும் அந்த லிஸ்ட்டுல இருக்கு. கம்ப்யூட்டர்ல பாத்தா எல்லாம் செத்த நம்பருன்னு வருது."

"தெனம் காலையில அடிக்குதே தம்பி?"

"அதையேதான் நானும் கேட்டேன். அடிச்சாக் கணக்கு இல்லையாம். எடுத்துப் பேசினாத்தான் கணக்காம்."

எடுக்காதே, எண்ணு என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். எதனால் தென்றல் செல் எங்கள் ஊரில் வளர்ந்ததோ, அதனாலேயே இப்போது நம்பர் போகப் போகிறது. ஆயுள் கார்டு என்றீர்களே என்று அங்கே கேட்டிருக்கிறார். அந்தப் பேச்செல்லாம் பழைய கம்பெனியோடு போய்விட்டது என்றார்களாம். கெஞ்சிக் கேட்ட பிறகு அந்த ஆபீசர், "ஆளுக்கு ஒரு கால் பண்ணச் சொல்லுங்க, போதும்" என்றாராம்.

நம்பர் போனால் என்ன, வேறு வாங்கலாமே என்று டவுன்காரர்களுக்குத் தோன்றும். அந்த நம்பர்தான் கமிஷன் கடைப் போன்களில் எல்லாம் பதிந்திருந்தது. கேரளா வியாபாரியிடம் இருந்தது. பூ மூட்டையில் மையால் எழுதியிருந்தது. பெருமாயி அக்காவும் ஒன்று வாங்கியிருந்தார், பம்பாய் மகளிடம் இருந்தது அந்த நம்பர் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேலே, காலையில் அது அடிக்காவிட்டால் பறிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாது. சித்திரை நெருங்க நெருங்கப் பூ கொட்டும், விலை விழும். அடிக்க வேண்டிய நாட்களே அவைதான்.

"ஆளுக்கு ஒரே ஒருதரம், என் நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று தம்பி எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடித்து நேராக என் கடைக்கு வந்து, ஒரு நோட்டில் எல்லார் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்து உட்கார்ந்தார்.

அடித்தது. எடுப்பதற்குள் நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மத்தியானத்துக்குள் நூறுக்கு மேல் மிஸ்டு கால். எல்லாரும் சொன்ன சொல் தட்டாமல் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவர்கூடப் பேசவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அழுகை வராத குறை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, விரலைப் பட்டன்மேல் வைத்துக் காத்திருந்தார், அடிக்கத் தொடங்கும்போதே பிடித்துவிடலாம் என்று. அப்படி ஒன்றைப் பிடித்தும்விட்டார். அந்தப் பக்கம் மாயம்மாள்.

"ஐயையோ, எடுத்துட்டானே பாவி!" என்ற சத்தம் எனக்கே கேட்டது. "ஏலே, வையிலே! என் காசு போகுதுலே!"

"அக்கா, வச்சிராதீங்க, பேசுங்கக்கா, அதுக்குத்தான்..."

வைத்துவிட்டாள். சாயங்காலம் நேரில் வந்து சண்டை பிடித்தாள். "இம்புட்டு நாளும் எடுக்காத எடுக்காதன்னு சொன்ன. இப்ப நீயே எடுக்குற. புதுக் கம்பெனிக்காரன் ஒனக்கு எம்புட்டுக் குடுத்தான்?"

மற்றவர்களும் அதையேதான் பேசிக்கொண்டார்கள். அந்த ஐம்பது ரூபாயை வெளியே எடுக்கக் கம்பெனி செய்கிற தந்திரம் இது என்று ஒருவர் சொல்ல, பத்து நாள் ஓடிவிட்டது. தம்பி டி.வி.எஸ். வண்டியில் தோட்டம் தோட்டமாகப் போய் விளக்கினார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அவர் திரும்பியதும் விசுவாசமாக ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள்.

கடைசியில் ஒருநாள் பொறுக்காமல், "அட, என் நம்பருக்குப் பேசினாக் காசே போகாதுங்க! இது ஏஜென்ட் நம்பரு. தென்றல் செல்லுல இருந்து யார் கூப்பிட்டாலும் இதுக்கு இலவசம். வேணும்னா பேசிட்டுப் பேலன்ஸைப் பாருங்க" என்றார்.

மாயம்மாள்தான் முதலில் பேசிப் பார்த்தாள். காசு குறையவில்லை. அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. நானும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "பேசுங்க, காசு போகாது, நான் பொறுப்பு" என்று சொன்னேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. ஆள் ஆளாகப் பேசினார்கள். ஓசி என்றதும் விடவில்லை. மாயம்மாள் அரை மணி நேரம் தன் மருமகளைப் பற்றிக் குறை சொன்னாள். ஒருவர் மாடு சினை பிடிக்காததைச் சொன்னார். இன்னொருவர் பொழுது போகவில்லை என்று இரண்டாவது நாளும் கூப்பிட்டார். தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்டார். மார்ச் முப்பதாம் தேதி மதியம் கடைசி டிக் விழுந்தது. நோட்டை என்னிடம் காட்டினார். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்கு வைத்தேன். அவர் திண்டுக்கல்லில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி விடியற்காலையில் விலை அடியோடு விழுந்தது. கேரளாவில் இருந்து வண்டி வரவில்லை. ஆண்டிச்சாமி அண்ணன் எல்லாருக்கும் இரண்டு தடவை அடிக்கப் போனார். ஒரு நம்பரும் போகவில்லை. 'உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. நோட்டில் டிக் விழுந்த நம்பர் அத்தனையும் செத்திருந்தது.

அடிக்காததால் எல்லாரும் வழக்கம்போலப் பறித்துவிட்டார்கள். பஸ் பஸ்ஸாகப் பூ வந்து இறங்கியது. மார்க்கெட்டுக்குள் இடமில்லாமல் என் கடை வாசல் வரை மூட்டை. சென்ட் கம்பெனி ஆள் பாதியை எடுத்துக்கொண்டு போதும் என்று போய்விட்டான். மீதி வெயிலில் வாடியது. கடைசியில் குப்பை வண்டியில் அள்ளிப் போட்டார்கள். என் கண்ணால் பார்த்தேன். சாமி கழுத்துக்குப் போக வேண்டிய பூ.

ஒன்பது மணிக்குத் தம்பி வந்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவர் நோட்டைத் திறந்து காட்டினார். "எல்லாரும் பேசினீங்க, நான் எழுதியிருக்கேன், பாருங்க" என்றார். யார் பார்ப்பார்கள்?

"ஆயுசுக்கும்னு சொன்னியேடா," என்றாள் மாயம்மாள். "யாரு ஆயுசுக்குடா சொன்ன?"

அவர் நோட்டை மூடினார். நான் கடையைப் பூட்டிவிட்டு, "வா தம்பி, நானும் வாரேன், போய்க் கேப்போம்" என்று அவரோடு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். என் வார்த்தையை நம்பியும்தானே பேசினார்கள்.

ஆபீஸ் குளுகுளு என்று இருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு ஆபீசர் கூப்பிட்டார். சின்ன வயசு, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தம்பி நோட்டை மேசைமேல் வைத்தார்.

"சார், ஒரு கால் போதும்னு நீங்கதான் சொன்னீங்க. அம்புட்டுப் பேரும் என் நம்பருக்குப் பேசியிருக்காங்க. தேதி, நேரம் எல்லாம் இருக்கு."

ஆபீசர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பார்த்தார். "உங்க நம்பர் ஏஜென்ட் நம்பராச்சே. அதுக்கு வர்ற கால் ஃப்ரீ. காசு கழியாத கால் சிஸ்டத்துல கால்னே பதிவாகாது சார்."

"நீங்க சொல்லலையே?"

"நீங்க உங்க நம்பருக்கே பண்ணச் சொல்வீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேற எந்த நம்பருக்குப் பேசியிருந்தாலும் நின்னிருக்கும். ஒரு ரூபா கழிஞ்சிருந்தாப் போதும்."

ஒரு ரூபாய். உள்ளே ஐம்பது ரூபாய் சும்மா கிடந்தது. அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் செய்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. "ஐயா, மறுபடி உசுரு குடுக்க முடியாதா?" என்று கேட்டேன். வெட்டிய நம்பர் பம்பாய்க்குப் போய்விட்டது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்றார். மனு எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார். பதில் வரவே இல்லை. ஆறு மாசம் கழித்து மாயம்மாளின் பழைய நம்பருக்கு நான் சும்மா போட்டுப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர் யாரோ எடுத்து, "யாருங்க?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி அந்த நோட்டையே புரட்டிக்கொண்டு வந்தார். செம்பட்டி தாண்டியதும், "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்க்கா" என்றார். "எட்டு வருசமா அந்தக் கம்பெனியில இருக்கேன். காசு வராம அவன் எதை எண்ணுவான்?"

அதற்கு அடுத்த ஒரு மாசம் அவர் செய்ததை யாரும் கேட்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. எல்லாரும் வேறு கம்பெனி சிம் வாங்கினார்கள். அவர் விற்காத சிம். ஆனாலும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் புது நம்பர்களை நோட்டில் எழுதி வந்து, கமிஷன் கடை கடையாக உட்கார்ந்து பழையதை அழித்துப் புதியதைப் பதிந்து கொடுத்தார். பெருமாயி அக்காவுக்காகப் பம்பாய்க்குப் புது நம்பரைப் போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டார். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. மாயம்மாள் தன் நம்பரை அவரிடம் சொல்ல மறுத்துவிட்டாள். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "ஒரு தப்புக்காக இப்படி இருக்கலாமாடி?" என்று நான் கேட்டதற்கு, "அவன் தப்புப் பண்ணலைன்னு எனக்கும் தெரியும் மதினி. வேற யாரை வையிறது? அந்தக் கம்பெனிக்காரன் எங்கன இருக்கான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். 

பச்சைச் சட்டைக்குப் பதிலாக நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள். அவர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. நிலக்கோட்டையில் ஆட்கள் குறைந்துவிட்டதாகச் சொல்லி, தீபாவளிக்கு முன்னால் ஏஜென்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள். குறைத்தது யார் என்று கேட்க ஆள் இல்லை.

ரெண்டாயிரத்துப் பத்து, தை மாசம், அவர் சொல்லிக்கொள்ள வந்தார். திருப்பூரில் மச்சான் நூல் கடையில் வேலை. வீட்டுக்காரி சத்யபிரியாவும் பிள்ளைகளும் பரீட்சை முடிந்து வருவார்கள் என்றார். ஆண்டிச்சாமி அண்ணன் வந்து, "அப்பு, அங்கன போயும் மிஸ்டு கால் அடிச்சு நூலு வித்துராத, மொதலாளி அழிஞ்சிருவான்" என்று கேலி பேசி, ஒரு முழம் மல்லியை அவர் பையில் திணித்துவிட்டுப் போனார். மாயம்மாள் அன்று மார்க்கெட்டில்தான் இருந்தாள். தூரத்தில் நின்று பார்த்தாள். வரவில்லை.

அவருக்கும் புது நம்பர் வந்திருந்தது. அதை அவர் கொடுக்கவில்லை. நானே கேட்கட்டும் என்று இருந்தாரோ, மறந்துவிட்டாரோ. பஸ் வருகிற நேரம். நான் அவசரமாக ஒரு அட்டையில் என் புது நம்பரை எழுதி நீட்டினேன். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அட்டையை அவர் வாங்கிப் பார்த்துவிட்டு என் கல்லாப்பெட்டி மேலேயே வைத்தார்.

"இது வேணாம்க்கா. இதையும் நாளைக்கு எவனாச்சும் எவனுக்காச்சும் வித்துருவான். நீங்க கடையை மட்டும் மாத்திறாதீங்க. பஸ்ஸு ஏறி நேரா வந்து நிக்கிறேன். போய்ட்டு வாரேன்" என்றார்.